பத்தொன்பது யூனிட்

"பதினாறு."

எடைமேடைக்காரர் போனைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் படித்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து, மாட்டிக்கொண்டு, இன்னொரு முறை படித்தார். பதினாறுதான். மொட்டை மாடியில் பத்து சோலார் பேனல்கள் காலையிலிருந்து சாயங்காலம் வரை வெயிலில் காய்ந்து கொடுத்தது மொத்தமே பதினாறு யூனிட்.

"உன் தம்பி ஏமாத்திட்டான்," என்றார்.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மனைவி குழாயை மூடினாள். தண்ணீர் ஓடும்போது அவள் சண்டை போடுவதில்லை. பாதி வார்த்தை காதில் விழாமல் போய்விடும்.

"என்ன சொன்னீங்க?"

"ஏழு வருஷம் முன்னாடி மாட்டினப்போ இருபது குடுத்துச்சு. இப்ப பதினாறு. மிச்சம் நாலு எங்க போச்சு? உன் தம்பியைக் கேளு."

"உங்க போன்தானே? நீங்களே கேளுங்க."

எடைமேடைக்காரர் முப்பத்திரண்டு வருடம் லாரிகளை எடை போட்டவர். மணலில் தண்ணீர் ஊற்றிக் கொண்டுவருகிறவன், சீட்டுக்கடியில் கல்லை ஒளித்து வைக்கிறவன், மேடை ஓரத்தில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு ஒன்றும் தெரியாதவன் போலப் பல் குத்துகிறவன், எல்லோரையும் பார்த்தவர். ஆகவே மனிதர்கள் மேல் அவருக்கு நம்பிக்கை கிடையாது. எண் மேல் மட்டும் உண்டு. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எடை போட லாரி இல்லை. மாடியில் பேனல் இருந்தது.

எவ்வளவு வருகிறது என்று தெரிந்துகொள்ள வீட்டில் போனை விட்டால் வேறு வழியில்லை. மாடிப்படிக்குக் கீழே சுவரில் தொங்கும் இன்வெர்ட்டர் பெட்டியில் ஒரு பச்சை விளக்கு எரியும். அவ்வளவுதான் அது பேசும். மற்றதெல்லாம் போனில். முன்பு மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கல்யாணமாகிப் போன பிறகு யாரும் பார்க்கவில்லை. போன மாதம் கம்பெனி பழைய ஆப்பை நிறுத்திவிட்டுப் புதிதாக ஒன்றை விட்டது. மச்சினன் ஒருநாள் வந்து, டீயைக் குடித்துக்கொண்டே இவர் போனிலும் பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரர் போனிலும் அதைப் போட்டு, இன்வெர்ட்டர் நம்பரைப் பதிந்து கொடுத்துவிட்டு, அடுத்த வேலைக்கு ஓடினான். இரண்டு வீட்டுக்கும் ஒரே வாரத்தில் பத்துப் பத்துப் பேனல் மாட்டியவன் அவன்தான்.

இப்போது அவனைக் கூப்பிட்டார்.

"டேய் மாப்ள, நீ மாட்டின பேனல் செத்துக்கிட்டிருக்கு."

"மாமா, பேனல் அப்படிச் சட்டுனு சாகாது. முதல் வருஷம் நூத்துக்கு ரெண்டு குறையும். அப்புறம் வருஷத்துக்கு அரை அரையாத் தேயும். ஏழு வருஷத்துக்கு நூத்துக்கு அஞ்சு வெச்சுக்கோங்க. இருபது குடுத்தது பத்தொன்பது குடுக்கும்."

"பதினாறு குடுக்குது."

"தூசி படிஞ்சிருக்கும். புறா அசிங்கம் பண்ணியிருக்கும். ஏதாவது நிழல் விழும். ஒரு பேனல் ஓரத்துல நிழல் விழுந்தாலே வரிசையையே கீழ இழுத்துடும் மாமா. மேல ஏறிப் பாருங்க."

"எல்லாத்துக்கும் ஒரு சாக்கு தயாரா வெச்சிருக்கே. லாரிக்காரனும் இப்படித்தான். எடை குறைஞ்சா, வர்ற வழியில காய்ஞ்சுபோச்சும்பான்."

"அப்ப என்னை லாரிக்காரன்கிறீங்களா?"

"லாரிக்காரன் பரவாயில்ல. மறுபடி எடை போட வண்டியக் கொண்டாருவான். நீ பத்தொன்பதுன்னு சொன்னியா? பத்தொன்பது வர்ற வரைக்கும் என் வாசப்படிய மிதிக்காதே."

போனை வைத்தார். திரும்பினால், மனைவி பீரோ மேலிருந்த நீலப் பெட்டியை இறக்கிக் கூடத்து நடுவில் திறந்து வைத்திருந்தாள்.

"என்ன இது?"

"பெட்டி."

"அது தெரியுது."

"கூடப் பிறந்தவன் வரக்கூடாத வீட்டுல எனக்கு என்ன வேலை? இன்னும் மூணு ஞாயித்துக்கிழமை பார்ப்பேன். அதுக்குள்ள நீங்களா அவனைக் கூப்பிட்டு, உக்கார வெச்சு, சாப்பாடு போடணும். இல்லேன்னா நான் மக வீட்டுக்குப் போறேன்."

"எத்தனை நாளைக்கு?"

"பெட்டி எவ்வளவு கொள்ளுதோ அத்தனை நாளைக்கு."

சொல்லிவிட்டு இரண்டு சேலையை உள்ளே வைத்தாள்.

எடைமேடைக்காரருக்கு வெந்நீர் வைக்கத் தெரியும். அதற்கு மேல் அடுப்போடு பழக்கமில்லை. அப்போதே மச்சினனைக் கூப்பிட்டு "வாடா" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் சீட்டில் எழுதிய எடையை அவர் ஒருநாளும் திருத்தியதில்லை. பத்தொன்பது என்று சொல்லிவிட்டார். பத்தொன்பது வந்தாக வேண்டும். அவன் சொன்னபடியே தூசி, புறா, நிழல் என்று ஒவ்வொன்றாக ஒழித்துக்கட்டி, அப்புறமும் வரவில்லையென்றால் யார் திருடன் என்று ஊருக்கே தெரியும்.

சாயங்காலம் மாடிக்குப் போனார். இரண்டு மாடிக்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர். அந்தப் பக்கம் மருந்துக்கடைக்காரர் கடையை மகனிடம் விட்டுவிட்டு, பிரம்பு நாற்காலியில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் பேனல்கள் சுவரை ஒட்டி வரிசையாகப் படுத்திருந்தன. அவற்றின் மேல் விரலால் பெயர் எழுதலாம் போலத் தூசி.

"உங்களுக்கு எவ்வளவு வருது?" என்று கேட்டார் எடைமேடைக்காரர்.

"எதுல? பிரஷர்லயா, சுகர்லயா?"

"பேனல்ல."

"அதுவா?" மருந்துக்கடைக்காரர் போனைத் தேடி எடுத்தார். "பதினேழு."

"கழுவுவீங்களா?"

"மழை வந்தா அதுவே கழுவிக்கும். நான் எதுக்கு?"

எடைமேடைக்காரர் மனதுக்குள் கணக்குப் போட்டார். அதே பேனல், அதே வெயில், அதே ஆள் மாட்டியது. சோம்பேறிக்குப் பதினேழு. நமக்குப் பதினாறு.

மறுநாள் விடிந்ததும் துடைப்பத்தோடு ஏறினார். முதலில் உலர்ந்த தூசியைத் தட்டினார். ஏழு வருடத் தூசி புகைபோலக் கிளம்பி, காற்றில் சுவரைத் தாண்டி, மருந்துக்கடைக்காரர் பக்கம் போய் அமைதியாக இறங்கியது. காற்று எங்கே போகிறது என்பதற்கு அவர் பொறுப்பில்லை. பிறகு வாளி வாளியாகக் குடிதண்ணீரைக் கொண்டுபோய் மெல்லிய துணியால் துடைத்தார். உப்புத் தண்ணீர் பட்டால் வெள்ளை படியும் என்று மச்சினன் எப்போதோ சொன்னதை மனைவி கீழேயிருந்து கத்தினாள். அவன் பேச்சு என்பதால் எரிச்சலாக இருந்தது. ஆனாலும் கேட்டுக்கொண்டார்.

பேனல்கள் கண்ணாடி போல மின்னின. குனிந்து பார்த்தால் அவர் மீசையே தெரிந்தது.

சாயங்காலம் போனைப் பார்த்தார். பதினைந்து.

"ஒண்ணு குறைஞ்சிருக்கே!"

"தேய்ச்சுட்டீங்க," என்றாள் மனைவி. "அலுமினியச் சட்டியத் தேய்க்கிற மாதிரி தேய்ச்சிருப்பீங்க. ஒரு யூனிட்டு துணியோட வந்துடுச்சு."

மாடிக்குப் போனார். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டார்.

"எவ்வளவு?"

"பதினெட்டு," என்றார் மருந்துக்கடைக்காரர். "நேத்தைவிட ஒண்ணு ஜாஸ்தி. நான் கையே வைக்கல."

அன்று பெட்டிக்குள் மனைவியின் தலையணை போனது.

அடுத்தது புறா. எடைமேடைக்காரர் பேனல்களுக்கு அடியில் நிழலான இடத்தில் ஏழெட்டுப் புறாக்கள் குடும்பம் நடத்தின. மேலே ஏறி உட்கார்ந்து, வேண்டியதைச் செய்துவிட்டு, உள்ளே போய்க் குனுகும். அவர் கம்பிவலை வாங்கிவந்து நான்கு பக்கமும் அடைத்தார். பழைய தகர டப்பாக்களைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டார். காற்றடித்தால் அந்தத் தெருவே திரும்பிப் பார்க்கும் சத்தம். புறாக்கள் ஒரு சுற்றுச் சுற்றின. யோசித்தன. பிறகு சுவரைத் தாண்டி மருந்துக்கடைக்காரர் பேனல்களுக்கு அடியில் குடிபோயின. ஒரு நாளில் அங்கே வெள்ளையடித்த மாதிரி ஆகிவிட்டது.

"மன்னிச்சுக்கோங்க, என் புறா அங்க வந்துடுச்சு," என்றார் எடைமேடைக்காரர், மனதுக்குள் குளிர்ந்துபோய்.

"வரட்டுமே. வாயில்லா ஜீவன். எனக்கும் பேச்சுத் துணை."

"பேனல்ல அசிங்கம் பண்ணுதே!"

"பண்ணட்டும். பதினெட்டரைக்கு வந்துடுச்சு."

எடைமேடைக்காரர் தன் போனைத் தட்டினார். பதினாலு. மறுபடி தட்டினார். அதே பதினாலு. எடைமேடையில் எண் ஒட்டிக்கொண்டால் மேடையை ஓங்கி ஒரு உதை விடுவார். போனை உதைக்க முடியவில்லை.

"என் பேனல்ல கண்ணாடி மாதிரி முகம் பார்க்கலாம், பதினாலு. அந்தாளு பேனல் புறா வீட்டுக் கக்கூஸ், பதினெட்டரை. இதுக்கு என்ன சொல்றே?" என்று மனைவியிடம் கேட்டார்.

"நான் என்னத்தச் சொல்றது? தெரிஞ்சவன் ஒருத்தன் இருந்தான். அவனத்தான் வாசப்படி மிதிக்காதேன்னுட்டீங்க."

பெட்டிக்குள் மிக்ஸி ஜாடி போனது.

முதல் ஞாயிறு போய்விட்டது. எடைமேடைக்காரர் குழாய்க்காரரைக் கூட்டிவந்தார். மொட்டை மாடியின் கிழக்கு மூலையில் பேனல்களை ஒட்டிக் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி ஒன்று நின்றது. காலையில் பத்து மணி வரை அதன் நிழல் நாலு பேனல் மேல் கிடக்கும்.

"இதை எங்க வெக்கணும்?" என்றார் குழாய்க்காரர்.

"அந்தக் கடைசியில. பொதுச்சுவரை ஒட்டி."

"அங்க வெச்சா காலையில நிழல் அடுத்த வீட்டுல விழுமேய்யா."

"என் பேனல் மேல விழுதா?"

"இல்ல."

"அப்ப வை."

வைத்தார்கள். மறுநாள் காலையில் தொட்டியின் கறுத்த நிழல் மருந்துக்கடைக்காரர் பேனல்கள் மேல் எருமை போலப் படுத்துக்கொண்டது. எடைமேடைக்காரருக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஆனால் அந்தாளுக்குத்தான் பதினெட்டரை வருகிறதே, ஒன்று குறைந்தால் என்ன என்று தேற்றிக்கொண்டார்.

சாயங்காலம் போனைத் திறந்தவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

பன்னிரண்டு.

மேலேயிருந்து குரல் வந்தது. "சார்! எடைமேடை சார்! பத்தொன்பது! தூசி, புறா, இப்ப உங்க தொட்டி நிழல் வேற, எல்லாம் இருந்தும் பத்தொன்பது! உங்க மச்சினன் கை ராசியான கை சார்!"

மனைவி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். உள்ளே போனாள். குக்கரை எடுத்துவந்து பெட்டிக்குள் வைத்தாள். மூடி தனியாக, விசில் தனியாக.

"குக்கரையுமா?"

"என் தம்பி சொன்ன பத்தொன்பது வந்துடுச்சு பாத்தீங்களா? பக்கத்து வீட்டுல வருது. அவன் ரெண்டு வீட்டுக்கும் ஒரே பேனலத்தான் மாட்டினான். அவரு தொடல, ஏறுது. நீங்க தொட்டுக்கிட்டே இருக்கீங்க, இறங்குது. கொஞ்சமாவது யோசிங்க."

யோசித்தார். அதுதான் வினையாகப் போயிற்று.

இரண்டு நாள் மாடியில் நின்று இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இந்தப் பக்கம் பளபளவென்று பத்துப் பேனல், பன்னிரண்டு யூனிட். அந்தப் பக்கம் தூசியும் எச்சமும் நிழலுமாகப் பத்துப் பேனல், பத்தொன்பது யூனிட். படித்தவனாக இருந்தால் புத்தகத்தைத் தேடியிருப்பான். எடைமேடைக்காரர் கண்ணை நம்புகிறவர். கண் சொன்னது. எண் சொன்னது. அதற்கு மேல் சாட்சி வேண்டுமா?

"அழுக்குதான்!" என்று மாடியிலிருந்து கத்திக்கொண்டு இறங்கினார். "அழுக்குதான் வெயிலப் பிடிச்சு வெக்குது! கறுப்புச் சட்ட போட்டா வெயில் உள்ள இறங்குதா இல்லையா? அதேதான். பளபளன்னு இருந்தா வெயில் வழுக்கிட்டுப் போயிடுது!"

மனைவி அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.

குழாய்க்காரர் மறுபடி வந்தார். "பழைய இடத்துக்கேவா?" என்றார். "ஐயா, தப்பா நினைக்காதீங்க. இந்தத் தொட்டிக்கு நாலு சக்கரம் மாட்டிட்டா நான் அலைய வேண்டியதில்ல."

"பேசாம நகர்த்து. நிழல் நல்லா நடு பேனல்ல விழணும்."

குழாய்க்காரர் அவரை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். இரண்டடி தள்ளி நின்றே வேலை செய்தார்.

மறுநாள் சாயங்காலம் போனில் பதினாலு. இரண்டு ஏறியிருந்தது! எடைமேடைக்காரர் நேரே மாடிக்கு ஓடினார். கம்பிவலையைப் பிடுங்கினார், டப்பாக்களை அவிழ்த்தார், இரண்டு படி தானியத்தைத் தன் பேனல்கள் மேலேயே இறைத்தார். புறாக்கள் கும்பலாகத் திரும்பி வந்தன. கோபத்தில் போனவை போல இரட்டிப்பு வேகத்தில் அசிங்கம் பண்ணின. அவர் கையைக் கட்டிக்கொண்டு பெருமையாக நின்று பார்த்தார்.

பதினைந்து.

"ஏறுது!" என்று கூவினார். "குக்கர வெளிய எடு!"

"பத்தொன்பது வரட்டும்."

சுவருக்கு அந்தப் பக்கம் மருந்துக்கடைக்காரர் முதல்முறையாக நாற்காலியை விட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தார். "சார், எனக்குப் பதினாறுக்கு இறங்கிடுச்சு. நான் ஒண்ணுமே பண்ணலயே."

"ஒண்ணுமே பண்ணலேன்னா இறங்கத்தான் செய்யும்," என்றார் எடைமேடைக்காரர்.

இரண்டாவது ஞாயிறும் போய், மூன்றாவதுக்கு மூன்று நாள் இருந்தது. எடைமேடைக்காரர் தோட்டத்து மண்ணைச் சலித்து, தண்ணீர் விட்டுக் குழைத்து, பழைய வாளியில் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனார். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கும் மட்டைபிரஷ்ஷால் பத்துப் பேனலுக்கும் சேறு பூசினார். மெல்லிசாக, ஒரே சீராக. வேலை என்று வந்துவிட்டால் அவர் அரைகுறையாகச் செய்வதில்லை.

அதே நேரம் மருந்துக்கடைக்காரர் பயந்துபோய் மகனையும் கூட்டிக்கொண்டு தன் பேனல்களைக் கழுவிக்கொண்டிருந்தார். பஞ்சை வைத்துத் துடைத்தார். ஊசி போடும் முன் தோலைத் துடைப்பது போல அவ்வளவு பதமாகத் துடைத்தார். எடைமேடைக்காரர் சேற்றுக் கையோடு சுவரில் சாய்ந்து சிரித்தார்.

"கழுவுங்க, நல்லா கழுவுங்க. அந்தப் பைத்தியக்காரத்தனத்த நான் எப்பவோ பண்ணி முடிச்சுட்டேன்."

மறுநாள் சாயங்காலம் அவர் போனில் எண் வந்தது. முதலில் அவர் நம்பவில்லை. மனைவியைப் படிக்கச் சொன்னார்.

"பத்தொன்பது," என்றாள் அவள்.

"சத்தமா."

"பத்தொன்பது!"

குக்கர் வெளியே வந்தது. மிக்ஸி ஜாடி வந்தது. தலையணை வந்தது. கடைசியில் இரண்டு சேலையும் வந்து, பெட்டி பீரோ மேலே ஏறியது. எடைமேடைக்காரர் போனை எடுத்து, சீட்டில் எழுதின வார்த்தையை மாற்றாமலேயே, தலை நிமிர்ந்து மச்சினனைக் கூப்பிட்டார்.

"மாப்ள, பத்தொன்பது வந்துடுச்சு. நீ யோக்கியன். ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு வா."

"வரேன் மாமா! நான்தான் சொன்னேனே. தூசி தட்டினீங்களா?"

"வா. வந்து கத்துக்கோ."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மச்சினன் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு மாடிக்கு வந்தான். பேனல்களைப் பார்த்தான். வாயிலிருந்த பாக்கு கீழே விழுந்தது.

"மாமா, என்ன இது?"

"பார்த்தியா? தொட்டி நிழல், புறா, சேறு. மூணும் சேர்ந்து பத்தொன்பது. இந்தா போன், நேத்துக் கணக்கைப் பாரு."

மச்சினன் போனைப் பார்த்தான். பேனலைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். பதினைந்து வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறவன். இப்படி நடக்கவே நடக்காது என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரியும். ஆனால் பத்தொன்பது அவன் சொன்ன எண். வயிற்றில் இருந்தது இந்த வீட்டுச் சாப்பாடு.

"இருக்கும் மாமா," என்றான். "ஒவ்வொரு பேனல் ஒவ்வொரு மாதிரி."

அப்போது அடுத்த மாடியில் கம்பெனியிலிருந்து வந்த மீட்டர்காரப் பெண் நின்றுகொண்டிருந்தாள். மருந்துக்கடைக்காரர் மூன்று நாளாகப் போன் போட்டு வரவழைத்திருந்தார். தலையில் தொப்பி, கையில் இடுக்கி மாதிரி ஒரு மீட்டர். ஒயரைக் கவ்விப் பிடித்து எண்ணைப் பார்ப்பாள், உதட்டைப் பிதுக்குவாள்.

"அம்மா, எனக்கு எட்டு!" என்று அழாக்குறையாகச் சொன்னார் மருந்துக்கடைக்காரர். "பத்தொன்பதுல இருந்தது எட்டுக்கு வந்துடுச்சு. கழுவினதுக்கப்புறம்தான் இப்படி."

"கழுவினா குறையாதுங்களே," என்றாள் அவள். சுவரை எட்டிப் பார்த்தாள். "அது யாரு பேனல்? சேறு யாரு பூசினது?"

"நான்தான்," என்றார் எடைமேடைக்காரர். பத்திரிகைக்குப் பேட்டி கொடுக்கிறவர் மாதிரி முன்னால் வந்தார். "என் கையால பூசினது. இந்தாம்மா பாரு, பத்தொன்பது."

அவள் சுவரைத் தாண்டி வந்து, இவர் ஒயரையும் மீட்டரால் கவ்வினாள். நெற்றி சுருங்கியது. "ரெண்டு வீட்டு இன்வெர்ட்டர் நம்பரையும் பார்க்கணும்," என்று கீழே இறங்கிப் போனாள்.

அவள் திரும்பி வருவதற்குள் எடைமேடைக்காரர் எல்லோரையும் நிற்க வைத்துப் பேச ஆரம்பித்துவிட்டார்.

"கம்பெனிக்காரன் கழுவு, துடைன்னு சொல்லுவான். ஏன் சொல்றான்? சீக்கிரம் கெட்டாத்தான் புதுசு விக்க முடியும். நான் முப்பத்திரண்டு வருஷம் ஏமாத்துக்காரனுங்களோடயே காலம் தள்ளினவன். எண் என்ன சொல்லுதுன்னு பார்த்தேன். அதும்படி நடந்தேன். பேனல் தேயுது, வயசாகுதுன்னு எல்லாம் சும்மா. அதுக்கு வேண்டியது கொஞ்சம் மண்ணு."

"சார், எனக்கும் சொல்லிக் குடுங்க," என்றார் மருந்துக்கடைக்காரர். மானத்தை விட்டுவிட்டார். மகனை அனுப்பி மிச்சமிருந்த சேற்று வாளியைத் தூக்கிவரச் செய்தார். "ஒரு பேனலுக்கு எத்தனை கரண்டி? வெறும் வயித்துலயா, அதாவது, வெயில் ஏர்றதுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"முன்னால. அள்ளி நடுவுல வையுங்க, அப்புறம் ஓரத்துக்குத் தள்ளுங்க."

"என்னங்க," என்று மனைவி தாழ்ந்த குரலில் சொன்னாள், "பக்கத்து வீட்டுக்கு நல்லது சொல்ற அளவுக்கு நீங்க மாறுவீங்கன்னு நான் நினைக்கவே இல்ல."

எடைமேடைக்காரர் மீசையைத் தடவிக்கொண்டார். மச்சினன் தோளில் கையைப் போட்டார். மருந்துக்கடைக்காரர் சட்டைக் கையை மடித்து, இரண்டு கை நிறையச் சேற்றை அள்ளி, பளபளக்கும் தன் முதல் பேனலுக்கு மேலே கொண்டுபோனார்.

மீட்டர்காரப் பெண் இரண்டு இரண்டு படியாகத் தாவி மேலே வந்து, மூச்சு வாங்க, அவர் கையைப் பிடித்தாள்.

"ஐயா, அந்தச் சேத்தக் கீழ போடுங்க! அவரு போன்ல பத்தொன்பது காட்டுறது உங்க பேனல், உங்க போன்ல எட்டு காட்டுறதுதான் அவரோடது!"